போர்க்காலத்தில் யூதர்கள் மீதான பழி எப்படி வேர் பிடிக்கிறது?

1916 ஜெர்மனியைப் பாருங்கள். முதல் உலகப் போர் இழுத்துக்கொண்டே போனது, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஒளிந்துகொள்கிறார்கள், பஞ்சத்தில் கொள்ளை லாபம் பார்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அக்டோபரில் ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவின் போர் அமைச்சகம் படையிலிருந்த யூதர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுக்க உத்தரவிட்டது. முடிவைப் போர் முடியும்வரை வெளியிடவே இல்லை.

பெரிய கேடு இதுதான் என்பேன். அரசாங்கமே எண்ணிப் பார்க்கிறது என்றால் ஏதோ இருக்கத்தானே செய்யும் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். உண்மையில் சுமார் 1,00,000 யூதர்கள் ஜெர்மன் படையில் இருந்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர் உயிரையே கொடுத்தார்கள்.

அப்புறம் 1918இல் தோல்வி. படை களத்தில் தோற்கவில்லை, உள்நாட்டுத் துரோகிகள்தான் 'முதுகில் குத்திவிட்டார்கள்' என்ற கட்டுக்கதைக்குக் குற்றவாளி ஏற்கெனவே தயார். நாஜிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.