இரண்டு ப்ராசசர் சர்வர்: வாங்கும் விலையா, ஓடும் விலையா?

கேள்வி: கல்லூரிக் காலத்தில் என் கணினியில் செட்டி அட் ஹோம் (வேற்றுக்கிரக வாசிகளின் சிக்னலைத் தேட, வீட்டுக் கணினிகளைக் கடன் வாங்கிய திட்டம்) ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது அந்த ஆசை திரும்ப வந்திருக்கிறது. புரத ஆய்வு, பருவநிலை ஆய்வு மாதிரியான திட்டங்களுக்கு 24 மணி நேரமும் கணக்குப் போட்டுக் கொடுக்க வீட்டில் தனியாக ஒரு சர்வர் வைக்கலாம் என்று யோசனை. பழைய சர்வர் விற்பவர் ஒருவர், இரண்டு இன்டெல் ஜியான் இ5-2680 வி4 ப்ராசசரும் 64 ஜிபி ரேமும் போட்ட டவர் ஒர்க்ஸ்டேஷனை 42,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். மொத்தம் 56 த்ரெட்! வாங்கலாமா? எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வரும். (கோவை வாசகர்)

பதில்: போகிற போக்கில் 380 யூனிட் என்று எழுதிவிட்டீர்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

அந்த ப்ராசசர் ஒவ்வொன்றும் 120 வாட் ரகம். இரண்டையும் முழு வேகத்தில் ஓட்டினால், ரேம், ஃபேன், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வீணாவது எல்லாம் சேர்த்து பிளக்கில் 350 வாட் அளவுக்கு இழுக்கும். ஒரு நாளைக்கு 8.4 யூனிட், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு மேல். உங்கள் 380 அப்போது 880ஐத் தாண்டும். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் இருந்த சலுகையும் போகும், மேல்படி யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் சுமார் 4,500 ரூபாய் கூடும் என்று வையுங்கள். வருடத்துக்கு 27,000. ஒன்றரை வருடம் ஓட்டினால் பெட்டியின் விலையை இன்னொரு முறை மின்வாரியத்துக்குக் கட்டியிருப்பீர்கள்.

சரி, நல்ல காரியத்துக்குத்தானே என்பீர்கள். செலவழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே காரியத்தைப் பாதிக்கும் குறைவான கரன்ட்டில் செய்ய முடியும் என்பதுதான் விஷயம். அந்த ஜியான் 2016இல் வந்த சரக்கு. ஏஎம்டியின் 16 கோர் ரைசன் 9 7950எக்ஸ் ஒன்றை வாங்கி, பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஈகோ மோட் போட்டு 65 வாட் ரகமாகக் கட்டிவைத்தாலும், உங்கள் இரண்டு ஜியானும் சேர்ந்து செய்கிற வேலைக்குக் குறையாமல் செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் மொத்தப் பெட்டியும் 150 வாட்டுக்குள் அடங்கும். பில்லில் கூடுவது 1,800 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கும். புதுசு வாங்கினால் கையை விட்டுக் கூடுதலாக 50,000 ரூபாய் போகிறது என்றே வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு 16,000 மிச்சமாகும்போது மூன்று வருடத்தில் கணக்கு நேராகிவிடும். கூடவே வாரண்டியும் கிடைக்கிறது. கோவை வெயில் சென்னை அளவுக்கு இல்லை, சரி. ஆனாலும் ஏப்ரலில் மூடிய அறைக்குள் 350 வாட் சூடு நாள் முழுக்க இறங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அறையில் ஏசி இருந்தால் அது இழுப்பது தனி.

56 த்ரெட் என்பதைக் கேட்டும் மயங்க வேண்டாம். இருப்பது 28 கோர்தான். ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையை மாற்றி மாற்றிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதனால் வேலை இரட்டிப்பாகாது. 56 வேலையை ஒரே சமயத்தில் இறக்கினால் 64 ஜிபி ரேமில் தலைக்கு ஒரு ஜிபி சொச்சம்தான் வரும். ஆக்ஸ்ஃபோர்டின் கிளைமேட்பிரெடிக்ஷன் தருகிற சில பருவநிலை மாதிரிகள் ஒவ்வொன்றும் பல ஜிபி கேட்கும். பாதி த்ரெட் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பழைய இரட்டை ப்ராசசரை நான் ஒத்துக்கொள்வது இரண்டே சந்தர்ப்பத்தில்தான். ஒன்று, மாடியில் சோலார் இருந்து பகலில் கரன்ட் மிஞ்ச வேண்டும். இந்தத் திட்டங்களை ஓட்டும் பாயிங்க் மென்பொருளில் காலை 9 முதல் மாலை 4 வரை மட்டும் ஓடு என்று நேரம் குறிக்கலாம். இரண்டு, மேலே சொன்ன மாதிரி ரேமை விழுங்கும் வேலைதான் உங்களுக்கு வேண்டும் என்றிருக்க வேண்டும். பழைய சர்வர் ரேம் மலிவாகக் கிடைத்தால் 256 ஜிபி வரை தாராளமாகப் போடலாம்.

இன்னொரு விஷயம். செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31க்குப் பிறகு புது வேலை அனுப்புவதில்லை. அதை நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாந்து போவீர்கள்.

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. பழைய இரட்டை ஜியான்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கடையில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் ரேக்கில் மாட்டுகிற ஒல்லி சர்வர் பக்கமே போகாதீர்கள். விலை மலிவாக இருக்கும், ஏன் மலிவு என்பது வீட்டில் சுவிட்சைப் போட்டதும் தெரியும். உள்ளே இருக்கிற குட்டி ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றினால் அடுப்படியில் மிக்சி ஓடுகிற சத்தம், நாள் முழுக்க. டவர் ஒர்க்ஸ்டேஷன்தான் வீட்டுக்கு ஆகும்.

அப்புறம், பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடம் முன்பு நான் வாங்கிய பெட்டியில் ப்ராசசரின் சூட்டை இழுக்கிற உலோகக் கட்டைகள், அதாவது ஹீட்சிங்க், இரண்டும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி ரேம் காணோம், கிராஃபிக்ஸ் கார்டை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் உயிரே இல்லை. கழற்றினால் ஒரு ஹீட்சிங்க்குக்குக் கீழே ப்ராசசரே கிடையாது. இந்த மாதிரி போர்டில் பாதி ரேம் ஸ்லாட்டும் சில கார்டு ஸ்லாட்டும் இரண்டாவது ப்ராசசருக்குச் சொந்தம். அது இல்லாவிட்டால் அவையும் இல்லை. விற்றவர் "பயாஸ் பார்த்தீங்களா சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பார்க்கவில்லைதான்.

ஆகவே பயாஸில் இரண்டு ப்ராசசரும் தெரிகிறதா, இரண்டும் ஒரே மாடலா என்று பாருங்கள். இ5-2600 வரிசைதான் இரட்டையாக ஓடும். இ5-1600 வரிசை தனிக்கட்டை, ஜோடி சேராது. மாடல் பெயரின் கடைசியில் வி3, வி4 என்று இருக்கிறதா என்பதும் முக்கியம். அதற்கு முந்தைய முதல் தலைமுறையிலும் வி2விலும் ஏவிஎக்ஸ்2 (ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) கிடையாது, பகா எண் தேடுகிற திட்டங்களில் அது பெரிய இழப்பு.

ரேம் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு ப்ராசசருக்கும் நான்கு ரேம் பாதை. 64 ஜிபி என்றால் 8 ஜிபி குச்சி எட்டு, பக்கத்துக்கு நான்காக இருப்பதுதான் சரி. கடைக்காரர் கைக்கு எட்டின பக்கம் நான்கு 16 ஜிபியைச் செருகி வைத்திருப்பார். அப்படியிருந்தால் இரண்டாவது ப்ராசசர் ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிறகு ரேம் கூட்ட நினைத்தாலும் அதே ரக 'ரெஜிஸ்டர்ட்' சர்வர் ரேம்தான் சேரும், சாதாரண டெஸ்க்டாப் ரேம் சேராது.

பிராண்டட் ஒர்க்ஸ்டேஷன்களில் எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கம்பெனியின் சொந்த வடிவத்தில் இருப்பது வழக்கம். போனால் வெளியில் வேறு வாங்கி மாட்ட முடியாது, அதற்கு உதிரி கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இணையத்தில் வருகிற சீன எக்ஸ்99 இரட்டை போர்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. பெயர்தான் எக்ஸ்99, பலவற்றில் உள்ளே இருப்பது வேறு பழைய சிப்செட். பயாஸ் அப்டேட் என்ற பேச்சே கிடையாது.

எல்லாம் சரி என்றால் கடையிலேயே ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காபி குடித்துவிட்டு வந்து வெப்பநிலையைப் பாருங்கள். ஒரு ப்ராசசர் இன்னொன்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருந்தால் ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. "டெஸ்டிங் வாரண்டி" என்று வாயால் சொல்வதை, எத்தனை நாள் என்று சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசும்போது கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.

விண்டோஸ் போட்டுத் தந்தால் ஹோம் பதிப்பா என்று பாருங்கள். அது ஒரு ப்ராசசரை மட்டுமே பயன்படுத்தும், இரண்டுக்கு ப்ரோ வேண்டும். இந்த வேலைக்கு லினக்ஸ் போடுவது உத்தமம், செலவும் இல்லை.

கேள்வி: இரண்டு ப்ராசசருக்குப் பதில் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால்?

பதில்: எந்தத் திட்டம் என்பதைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், பல்சார் என்ற துடிக்கும் விண்மீன்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் இரண்டும் கார்டை நன்றாகப் பயன்படுத்தும். நடுத்தர கார்டு ஒன்றே இரட்டை ஜியானைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் ரொசெட்டா அட் ஹோம் (2024இல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் பிறந்தது), கிளைமேட்பிரெடிக்ஷன் இரண்டும் ப்ராசசரில் மட்டும்தான் ஓடும். திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கார்டு வாங்கினால் அதன் வாட் உச்சவரம்பைக் கால் பங்கு குறைத்து வையுங்கள். வேகம் அந்த அளவுக்குக் குறையாது.

கேள்வி: இதில் காசு ஏதாவது வருமா?

பதில்: பாயிங்க் தருவது கிரெடிட் என்ற மதிப்பெண். கிரிட்காயின் என்று ஒரு கிரிப்டோவும் உண்டு. கரன்ட் பில்லுக்குக் காணாது.

கேள்வி: அலுவலகத்தில் பழைய சர்வர்கள் இரவில் சும்மா ஓடுகின்றன. அதில் பாயிங்க் போட்டுவிட்டால் செலவே இல்லையே?

பதில்: செலவு இல்லாமல் இல்லை, உங்கள் செலவு இல்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி, கல்லூரிக் கணினிகளில் அனுமதி வாங்காமல் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் என்ற இதே மாதிரித் திட்டத்தின் நிரலைப் போட்டுவிட்டு, 2001இல் கிரிமினல் வழக்கில் மாட்டினார். 2002இல் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்போடு சமரசமாக முடிந்தது. மேலதிகாரியிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். டீக்கடையில் அவர் தலையாட்டியது கணக்கில் வராது.

கேள்வி: அடிக்கடி கரன்ட் போகும் ஊர். கணக்கு பாதியில் நின்றால் எல்லாம் வீணா?

பதில்: இல்லை. பெரும்பாலான வேலைகள் அவ்வப்போது விட்ட இடத்தை டிஸ்க்கில் குறித்து வைத்துக்கொள்ளும். கரன்ட் வந்ததும் அங்கிருந்தே தொடரும். இழப்பு சில நிமிட வேலை. இதற்காக வீட்டு இன்வெர்ட்டரில் 350 வாட்டை மாட்டாதீர்கள், ராத்திரி ஃபேனுக்கு பேட்டரி மிஞ்சாது. சர்வரை முறையாக மூடுகிற ஐந்து நிமிடத்துக்குத் தாங்கும் யூபிஎஸ் போதும், எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். கையிருப்பு வேலையை அரை நாளுக்கு மேல் இறக்கி வைக்காதீர்கள். பல வேலைகளுக்குச் சில நாள்தான் கெடு, தாண்டினால் வேறு ஒருவருக்குப் போய்விடும். பயாஸில், மின்சாரம் திரும்பினால் தானாகவே ஆன் ஆகும்படி ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போட்டு வைத்தால், நீங்கள் ஊரில் இல்லாதபோது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சுவிட்சைப் போடச் சொல்ல வேண்டியிருக்காது.