இசையின் சமூக வரலாறு படிக்க ராகம் தெரிந்திருக்க வேண்டுமா?

சிங்கப்பூரில் இதை ஆய்வுப் பாடமாக எடுக்க ஆசை, ஆனால் பாட வராதே என்று தயங்குகிறீர்கள். தயங்க வேண்டாம். ராக ஞானம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம். ஏனென்றால் என்ன வாசித்தார்கள் என்பதோடு, யார் வாசித்தார்கள், எங்கே, யார் அனுமதியோடு என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் இந்தத் துறை.

நான் வகுப்பை உறுமி மேளத்தில்தான் தொடங்குவேன். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு முனகல் எழும், கைப்பேசியெல்லாம் தானாகக் கீழே இறங்கிவிடும். அப்புறம்தான் வரலாறு. 1973இல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்குமான வழியில் 3 இடங்களில் மேளம் வாசிக்க 2016இல்தான் அனுமதி கிடைத்தது. அந்த நாற்பது சொச்ச ஆண்டுகளில் இளைஞர்கள் உறுமியை யாரிடம், எங்கே கற்றார்கள்? கர்நாடக இசைக்கு 1949லேயே இந்திய நுண்கலைக் கழகம் வந்துவிட்டதே, உறுமிக்கு ஏன் அப்படி ஒன்று வரவில்லை? நல்ல ஆய்வுக் கேள்விகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

சான்றுகளுக்கு 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைப் புரட்டுங்கள், தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகளைக் கேளுங்கள். பேட்டி எடுக்கும்போது மட்டும் அவசரம் கூடாது. மேளம் அடித்ததைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமோ என்று தயங்கும் பெரியவர்கள் உண்டு. ரெக்கார்டரை அணைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்தபடி அவர்களாகப் பேசும்வரை காத்திருங்கள்.