தொட்டில் தயார், வீடு தயாரா?

கேள்வி: என் மனைவிக்கு இப்போது 33-வது வாரம். முதல் குழந்தை. இருவருமே வேலைக்குப் போகிறோம். குழந்தைக்கென்று ஒரு தனி அறைக்குப் பெயின்ட் அடித்து, தொட்டில் பூட்டி, மெத்தை, தலையணை, துணிமணி, டயாப்பர் எல்லாம் நானே பார்த்துப் பார்த்து வாங்கி வைத்துவிட்டேன். அப்படியும் போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். “விடு, நாளைக்கு நான் பார்த்துக்கறேன். என்ன செய்யணும்னு சொல்லு” என்றேன். “என்ன செய்யணும்னு சொல்றதும் என் வேலைதானா?” என்று அழுதுவிட்டாள். இதற்கு மேல் நான் என்னதான் செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, நீங்கள் இதுவரை செய்ததெல்லாம் குழந்தைக்கான ஏற்பாடு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. உங்கள் மனைவி அன்று ராத்திரி கவலைப்பட்டுக்கொண்டிருந்தது வீட்டைப் பற்றி. எது எங்கே இருக்கிறது, எது எப்போது தீரும், எந்தக் கட்டணத்துக்கு எது கடைசித் தேதி, குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் இன்று அவர் தலைக்குள் இருக்கிறது. குழந்தை வந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கப்போகிறது என்று நினைக்கும்போது அழுகை வராமல் என்ன செய்யும்?

“சொல்லு, செய்யறேன்” என்று நீங்கள் மனதாரத்தான் சொன்னீர்கள். ஆனால் வேலை ஒன்று இருக்கிறது என்று கவனிப்பதும், எப்போது செய்வது என்று முடிவெடுப்பதும், உங்களிடம் எடுத்துச் சொல்வதும், முடிந்ததா என்று திரும்பப் பார்ப்பதும் அவருடையதாகவே இருந்தால், கையால் செய்கிற பகுதி மட்டும்தான் உங்களிடம் வந்து சேர்கிறது. அவருடைய களைப்பு அந்தப் பகுதியால் வந்ததே இல்லை.

ஆகவே இனி எதுவும் வாங்காதீர்கள். இந்த வாரம் ஒரு சாயங்காலம் இருவரும் உட்காருங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள். மளிகை, துணி துவைப்பது, கட்டணங்கள், குப்பை, மருந்து, மருத்துவப் பரிசோதனைத் தேதிகள், வீட்டுக்கு வந்து வேலை செய்பவர்களின் போன் எண்கள் என்று எல்லாம் அதில் வரட்டும். எழுதி முடித்ததும் எவை எவை இனி முழுக்க உங்களுடையவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் உங்கள் பக்கம் வர வேண்டும். பிறகு ஒரு வாரம் அவரிடம் எதையும் கேட்காமல் அந்த வேலைகளை நடத்திப் பாருங்கள். சோப்புத்தூள் எங்கே என்று தெரியவில்லையா, தேடுங்கள். எவ்வளவு வாங்குவது என்று தெரியவில்லையா, போன மாத பில்லைப் பாருங்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று தவறும். இப்போது தவறினால் ஒன்றும் ஆகாது. குழந்தை பிறந்த பத்தாம் நாள் முதல்முறையாகத் தவறுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இதை உங்கள் மனைவியும் படிப்பார் என்று நம்பி அவருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கணவர் துண்டை மடிக்கும் விதம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம் அம்மா. விட்டுவிடுங்கள். திருத்தி மடிக்கப் போனால் அந்த வேலை மறுபடி உங்களிடமே வந்துவிடும்.

ராத்திரி பதினொரு மணிக்கு அலமாரி அடுக்கியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் வீட்டைச் சுத்தம் செய்து, ஒழுங்குபடுத்திப் பார்க்கும் ஒரு வேகம் பல பெண்களுக்கு வருவதுண்டு. அதைக் கிண்டல் செய்யாதீர்கள், தடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் போய் நின்று, ஏற வேண்டியதற்கு நீங்கள் ஏறுங்கள், தூக்க வேண்டியதை நீங்கள் தூக்குங்கள். இந்தக் கட்டத்தில் அவர் உடம்பில் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருக்கும். கருப்பை மேலே தள்ளுவதால் மூச்சு வாங்கும், நெஞ்சு எரியும். மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்திருப்பதால் குனிந்து கனமானதை எடுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சிறுநீர் கழிக்க ராத்திரியில் பலமுறை எழ வேண்டியிருக்கும். 28-வது வாரத்திலிருந்து மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துத் தூங்கச் சொல்கிறார்கள். மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையக்கூடும். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று தலையணை வைத்துக் கொடுங்கள். தூக்கத்தில் புரண்டுவிட்டால் பயப்பட வேண்டாம், விழித்ததும் திரும்பிப் படுத்தால் போதும்.

தொட்டிலுக்குள் நீங்கள் வைத்த தலையணை குழந்தைக்கு வேண்டாம். அதை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். கனத்த போர்வை, தொட்டிலின் ஓரங்களில் கட்டும் பஞ்சுத் திண்டு, பொம்மைகள் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. குழந்தை மல்லாந்துதான் தூங்க வேண்டும், அதுவும் அமுங்காத, சமமான மெத்தையில். அமெரிக்காவில் 1994-ல் குழந்தைகளை மல்லாந்து படுக்க வைக்கச் சொல்லி ஒரு பெரிய பிரசாரம் தொடங்கியது. காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இன்னொன்றும் உண்டு, ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்த உங்களுக்கு இது சற்று வருத்தமாக இருக்கும். குறைந்தது முதல் ஆறு மாதமாவது குழந்தை உங்கள் படுக்கையறையிலேயே, தனித் தொட்டிலில் தூங்குவதுதான் பாதுகாப்பு. எனவே தொட்டிலை உங்கள் அறைக்கு மாற்றுங்கள். அந்தத் தனி அறை பிறகு பயன்படும். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துப் பெயின்ட் வாடை போகட்டும். வீட்டுக்குள் யாரும், நீங்கள் உட்பட, புகைபிடிக்கக் கூடாது. இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம்.

இனி ராத்திரிக்கு வருகிறேன். வீடு தயாரா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

பச்சைக் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டான தூக்கம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றி, மறுபடி தூங்க ஒரு தடவைக்கு 40 நிமிடம் என்று வைத்தாலே, பத்து தடவைக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்கச் செய்யும் வேலைக்கு இணையான நேரம் அது. அதுவும் ராத்திரி பகல் என்று பிரிந்து, பிரசவத்திலிருந்து இன்னும் தேறாத உடம்போடு செய்ய வேண்டியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அப்படியென்றால் பால் கொடுப்பது அவர் வேலை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லாமே உங்களால் முடியும். குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பது, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் உங்கள் கை வேலை. முன்னிரவில் ஒரு பால் முடிந்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அடுத்த பசி வரும்வரை அவரை எழுப்பாமல் பார்த்துக்கொண்டால், அவருக்குத் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமாவது கிடைக்கும். அந்த நாட்களில் அதன் அருமை அவருக்குத்தான் தெரியும்.

இதை இப்போதே ஒத்திகை பார்க்கலாம். ஒரு ராத்திரி பெரிய விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அவர் பால் கொடுக்க உட்காரப்போகும் இடத்தில் நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறதா? குழந்தையைப் பிடித்திருக்கும் கையைத் தாங்க ஏதாவது இருக்கிறதா? எழாமலே தண்ணீர், துண்டு, மாற்றுத் துணி, போன் சார்ஜர் எட்டுகிறதா? கண்ணைக் கூசாத சின்ன விளக்கு உண்டா? கழிப்பறைக்குப் போகும் வழியில் கால் இடறும் சாமான் எதுவும் கிடக்கிறதா? நீங்கள் அமர்ந்து பார்த்தால்தான் இவை தெரியும். கடையில் கிடைக்கும் எந்தச் சாமானைவிடவும் இந்த ஒரு மணி நேரம் அவருக்குப் பயன்படும்.

உங்களுக்கு ஏழு வாரம் இருப்பதாக நினைக்க வேண்டாம். மருத்துவர் சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தை ஏறக்குறைய இருபதில் ஒன்றுதான். 37-வது வாரத்துக்குப் பிறகு எந்த நாளும் வலி வரலாம். ஆக, நான்கு வாரம் என்று கணக்கு வையுங்கள். 35-வது வாரத்துக்குள் மருத்துவமனைப் பை கட்டியாகட்டும். ரிப்போர்ட்டுகள், ரத்த வகை, போன் எண்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ராத்திரியில் எந்த வண்டியில் போவது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

சில விஷயங்களில் காலை விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, விடாத கடுமையான தலைவலி, கண் மங்குவது அல்லது கண்முன் பூச்சி பறப்பது, விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கைகளும் திடீரென்று வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்புங்கள். கடைசி வாரங்களில் இடம் போதாமல் அசைவு குறைவது சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசையும் விதம் மாறலாமே தவிர, பிரசவம் வரை அசைவு குறையக் கூடாது.

குழந்தை வந்த பிறகு செய்ய வேண்டிய சின்னச் சின்னக் காரியங்களில் பல நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். முதல் குளியலுக்கு 24 மணி நேரமாவது பொறுக்கலாம். தொப்புள்கொடியைச் சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்திருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். மருத்துவர் சொல்லாமல் அதில் எதையும் தடவ வேண்டாம். சின்ன அளவுத் துணி சில வாரங்களிலேயே பத்தாமல் போகும், ஆகவே மேலும் வாங்காதீர்கள். தெர்மாமீட்டர் மட்டும் கட்டாயம் வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காட்டினால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பார்க்க வருகிறவர்களைச் சமாளிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. வருகிறவர்கள் கை கழுவ வேண்டும், சளி இருமல் உள்ளவர்கள் பிறகு வரட்டும், குழந்தை முகத்தில் யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது. யாருக்காவது மனஸ்தாபம் வந்தால் அது உங்கள் மேல் வரட்டும். பிரசவமான உடம்போடு உறவுக்காரர்களிடம் மல்லுக்கு நிற்க உங்கள் மனைவியை விடாதீர்கள்.

அழுகையைப் பற்றியும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் அழுகை வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வரும். பிறகு குறையத் தொடங்கும். பசி, ஈரம், காய்ச்சல் எதுவும் இல்லாமலும் அழும். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் தொட்டிலில் மல்லாந்து படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பக்கத்து அறைக்குப் போய் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கோபத்திலும் குழந்தையைக் குலுக்கவே கூடாது.

உங்கள் மனைவியின் அழுகை வேறு. பிரசவமான மூன்று நான்கு நாளில் காரணமே இல்லாமல் கண்ணீர் வருவது மிகவும் சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், குணப்படுத்தக்கூடியது. அதைக் கண்டறிய 1987-ல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது, நிரப்பச் சில நிமிடங்களே ஆகும். உயிரை விட்டுவிடலாம் என்பது போல அவர் ஏதாவது சொன்னால் மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். அப்பாக்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு தம்பி. உங்களுக்கு அப்படித் தோன்றினால் மறைக்காதீர்கள்.

விடுப்பைப் பற்றி அலுவலகத்தில் இன்னும் பேசவில்லை என்றால் நாளையே பேசுங்கள். எல்லா நாட்களையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிட வேண்டாம். அப்போது மருத்துவமனையிலும் வீட்டிலும் துணைக்கு ஆள் இருக்கும். முடிந்தால் சில நாட்களையாவது, வந்தவர்களெல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். வெளியே நாற்காலியில் உட்காராமல் உள்ளே போய், குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டதா, வலி எத்தனை நிமிட இடைவெளியில் வரும்போது கிளம்ப வேண்டும், நடுராத்திரியில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். பதில்களை அந்த நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.