தலைக்காவேரிக் கோயிலின் கதை, காகம் கமண்டலத்தைக் கவிழ்த்ததுதானா?

பாதிதான் ஆமாம். காகக் கதை நம் பக்கத்துக் கதை. காவிரி பிறக்கும் தலைக்காவேரி இருப்பது கர்நாடகத்தின் குடகில்; அங்கே போய்க் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

நான் மயிலாடுதுறைக்காரன். சின்ன வயதில் எனக்குச் சொன்னதும் காகக் கதைதான். சூரபத்மனுக்குப் பயந்து சீர்காழியில் ஒளிந்திருந்த இந்திரன், சிவபூசைக்கு ஒரு நந்தவனம் வைத்தான். மழையில்லாமல் அது வாடியது. பிள்ளையாரிடம் முறையிட்டான். அவர் காகமாகப் போய் அகத்தியரின் கமண்டலத்தின் மேல் உட்கார்ந்தார். முனிவர் கையை ஓங்கி விரட்டியதில் கமண்டலம் சாய்ந்து காவிரி ஓடியது. கந்தபுராணத்தில் இது விரிவாகவே இருக்கிறது. மணிமேகலைப் பதிகத்திலோ காகமே கிடையாது. காந்தமன் என்ற சோழ மன்னன் வேண்டிக்கொள்ள, அகத்தியர் தாமே கரகத்தைக் கவிழ்த்தார் என்று முடித்துவிடுகிறது.

குடகுக்காரர்களின் கதையில் நாயகி காவேரிதான். பிரம்மகிரியில் பிள்ளை வரம் வேண்டித் தவம் இருந்த கவேர முனிவருக்குப் பிரம்மா ஒரு பெண்ணை மகளாகக் கொடுத்தார். அவளைப் பெண் கேட்டு அகத்தியர் வந்தார். அவள் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை: தன்னைத் தனியே விட்டுப் போகக் கூடாது, போனால் கிளம்பிவிடுவாள். ஒருநாள் அவளை நீராகக் கமண்டலத்தில் வைத்து, சீடர்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, முனிவர் ஆற்றுக்குக் குளிக்கப் போனார். அவ்வளவுதான், அவள் வெளியே வழிந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். சீடர்கள் மறிக்கவும் தரைக்குள் புகுந்து, மலைக்குக் கீழே இருக்கும் பாகமண்டலம் என்ற ஊரில் வெளிப்பட்டாள்.

எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். நம் கதைகளில் காவிரி வர யாராவது கவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. அங்கே அவளே முடிவெடுத்துப் புறப்படுகிறாள். தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்க்காரர்கள் கொண்டுவந்தவரைக் கும்பிடுகிறோம். அவர்களுக்கோ அது வீட்டைவிட்டுப் போன மகளின் கதை.

தரைக்குள் புகுந்த விஷயம், இடத்தைப் பார்த்தால் உடனே புரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,276 மீட்டர் உயரத்தில், பிரம்மகுண்டிகை என்ற சின்னக் குண்டம், அதன் முன்னால் குளிக்க ஒரு குளம், பக்கத்தில் அகத்தீசுவரருக்கும் பிள்ளையாருக்கும் சன்னிதிகள். நம் பிள்ளையார் அங்கேயும் இருக்கிறார், பாருங்கள்! ஆனால் ஆறு என்று சொல்ல எதுவுமே கண்ணில் படாது. 'இதுவா நம்ம காவேரி?' என்று பின்னால் நின்ற ஒரு பாட்டி கேட்டேவிட்டார். ஊற்றுநீர் நிலத்தடியில் போய்க் கொஞ்ச தூரம் தள்ளித்தான் வெளியே வருகிறது என்கிறார்கள்.

சூரியன் துலா ராசிக்குள் நுழையும் வேளையில், பெரும்பாலும் அக்டோபர் 17 வாக்கில், குண்டிகையில் நீர் பொங்குவதைத் தீர்த்தோத்பவம் என்பார்கள். நேரம் பஞ்சாங்கப்படி, நள்ளிரவாகவும் இருக்கலாம். அர்ச்சகர் தீர்த்தத்தை அள்ளித் தெளிக்க, கூட்டம் குளத்தில் இறங்கும். குடகு மக்களான கொடவர்கள் அந்தத் தீர்த்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்திரப்படுத்துவார்கள். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் விடுவது அந்தத் தண்ணீரைத்தான். வீடுகளில் தேங்காய்க்கோ வெள்ளரிக்காய்க்கோ சிவப்புப் பட்டுச் சுற்றி, நகை போட்டு, காவேரியாகவே வைத்துக் கும்பிடுவார்கள். கொடவப் பெண்கள் புடவைக் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டுவதற்கும் ஒரு கதை உண்டு: ஆற்றங்கரை ஊரான பலமுரியில் காவேரியைத் தடுக்க நின்ற பெண்களின் கொசுவம், வெள்ளத்தின் வேகத்தில் பின்னால் போய்விட்டதாம். இங்கே மயிலாடுதுறையில் ஐப்பசி துலா ஸ்நானம் தொடங்குவதும் அதே சமயத்தில்தான்.

போவதாக இருந்தால் முதலில் பாகமண்டலத்தில் ஆறுகள் கூடும் சங்கமத்தில் குளித்துவிட்டு, அங்குள்ள சிவன் பகண்டேசுவரரைப் பார்த்துவிட்டு மேலே போங்கள், அதுதான் வழக்கம். அங்கிருந்து 8 கிலோமீட்டர்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பனிமூட்டமும் மழையும் பலமாக இருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.