ஸ்னோமொபைல் பின்பக்கம் குந்துகிறதா? ஷாக்கை விடுங்கள், ஸ்பிரிங்கைப் பாருங்கள்

நண்பரே, பின்னால் ஆள் ஏறினாலே பனியில் ஓட்டும் உங்கள் ஸ்னோமொபைல் குந்திவிடுகிறது, ஷாக்கை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசை வீணாக்காதீர்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் ஆட்டத்தை அடக்கத்தான்.

முதலில் சஸ்பென்ஷன் ஷாஃப்டுகளுக்கு கிரீஸ் அடியுங்கள். காய்ந்து இறுகிப்போனாலும் வண்டி மேலே எழும்பாது. பழி ஸ்பிரிங் மேல் விழும்.

பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுதாக நீண்ட நிலையில் தரையிலிருந்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு குளிர் உடுப்போடு இருவரும் ஏறி உட்கார்ந்து, வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இறங்கலாம் என்பது கையேட்டில் இருக்கும். அதைவிட அதிகமாக இறங்கினால், ஸ்பிரிங் கம்பியின் நீண்ட முனை உட்காரும் கேமை (திருப்பித் திருப்பிப் படிப்படியாக உயர்த்தும் கட்டை) ஒரு படி ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

கடைசிப் படியிலும் குந்தினால் ஸ்பிரிங் செத்துவிட்டது, இல்லையென்றால் அந்த எடைக்கு அது போதாது. ஜோடியாகவே மாற்றுங்கள்; இடது வேறு, வலது வேறு. ரொம்பத் தடித்ததாக வாங்கிவிடாதீர்கள். மற்ற அளவுகள் அப்படியே இருக்க, கம்பி 10 மி.மீ.யிலிருந்து 11 ஆனாலே விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும். தனியாக ஓட்டும் நாளில் முதுகு உங்களைத் திட்டும்.

கழற்றும்போது ஸ்குரூடிரைவரால் நெம்ப வேண்டாம், நழுவினால் விரல் போய்விடும். அதற்கென்றே கொக்கிக் கருவி விற்கிறார்கள்.