மாடி ஷெட்டில் இரைக்கும் லாப்ரடார்: முதலில் கீழே கொண்டு வாருங்கள்

காட்பாடியில் மாடியில் ஷீட் போட்ட ஷெட்டில் லாப்ரடாரைக் கட்டியிருக்கிறீர்கள், மதியமானால் ஓயாமல் இரைக்கிறது, இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பதறிவிட்டது. இன்றைக்கே கீழே கொண்டு வந்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் நம்ம வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், ஷீட்டுக்கு அடியில் அதைவிடக் கூட. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், சுற்றியுள்ள காற்றே கொதித்தால் பாவம் அது என்ன செய்யும்?

ஃபேன் ஓடும் அறையில் வெறும் தரையில் படுக்க விடுங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நடைக்கு விடிகாலையில் கூட்டிப் போங்கள். முடியை மழிக்க வேண்டாம், அது வெயிலிலிருந்து தோலைக் காக்கும்.

தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஈறு கருஞ்சிவப்பாக மாறினாலோ காத்திருக்காதீர்கள். சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாயில் மட்டும் தண்ணீரை வலிந்து ஊற்றாதீர்கள், புரையேறும்.

அப்புறம், இரண்டு நாள் சாப்பிடாததற்கு வெயில் மட்டும்தான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள், உண்ணிக் காய்ச்சலிலும் இப்படித்தான் சோறு இறங்காது. எப்படியும் நாளைக்குள் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.