பாராவியூ: ஸ்கிரிப்ட் இங்கே, டேட்டா அங்கே

கேள்வி: பாராவியூவில் (அறிவியல் டேட்டாவைப் படமாக்கிப் பார்க்கும் மென்பொருள்) ஒரு ஃபில்டரின் (டேட்டாவை மாற்றித் தரும் படி) வெளியீட்டிலிருந்து அழுத்த மதிப்புகளை எடுத்து நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) அரேயாக மாற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கிளஸ்டரில் (பல கணினிகளின் தொகுதி) உள்ள பிவிசர்வருடன் (பாராவியூவின் சர்வர் புரோகிராம்) இணைத்தால், ‘கெட்கிளையன்ட்சைட்ஆப்ஜெக்ட்’ வெறும் ‘நன்’ (None, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) தருகிறது. என்ன செய்வது?

பதில்: லேப்டாப்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. அங்கே கிளையன்ட், சர்வர் இரண்டும் ஒரே புரோசஸுக்குள் இருப்பதால் அந்த அழைப்பு வேலை செய்தது. பிவிசர்வருடன் இணைத்த பிறகு ஃபைலைப் படிப்பதும் ஃபில்டர் ஓடுவதும் கிளஸ்டரில். ஸ்கிரிப்டின் கையில் இருப்பது பிராக்ஸி, அதாவது சர்வரில் உள்ள ஃபில்டரின் பிரதிநிதி, மட்டுமே. அதற்கு ஃபில்டரின் செட்டிங்குகள் தெரியும், டேட்டா அதனிடம் இருக்காது.

நேரடி வழி, ஃபில்டரை ஓட்ட ‘அப்டேட்பைப்லைன்’ கூப்பிட்டுவிட்டு ‘சர்வர்மேனேஜர்.ஃபெட்ச்’சிடம் பிராக்ஸியைக் கொடுப்பது. ரேங்க்குகளில் (கிளஸ்டரில் இணையாக ஓடும் சர்வர் புரோசஸ்கள்) பிரிந்து கிடப்பதைச் சேர்த்து உங்கள் பக்கம் கொண்டுவந்துவிடும்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். 100 கோடி புள்ளிகள் இருந்தால், டபுள் வகையில் அழுத்தம் மட்டுமே 8 ஜிபி. திசைவேகத்துக்கு மூன்று கூறுகள், அது 24 ஜிபி. ஆயத்தொலைவுகளை இன்னும் சேர்க்கவே இல்லை. இதை லேப்டாப்புக்கு இழுத்தால் நெட்வொர்க் திணறும், அப்புறம் மெமரி தீரும்.

உங்களுக்கு வேண்டியது அழுத்தத்தின் வீச்சு (குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகள்) மட்டும் என்றால் ஃபெட்ச்சே வேண்டாம். பிராக்ஸியின் ‘பாயிண்ட்டேட்டா’வில் அந்த அரேயைப் பிடித்து ‘கெட்ரேஞ்ச்’ கேட்டால் போதும். புள்ளிகளின் எண்ணிக்கை, எல்லைகள் போன்றவை ‘கெட்டேட்டாஇன்ஃபர்மேஷன்’னில் கிடைக்கும். அதைவிடக் கூடுதலாக வேண்டுமென்றால், சர்வரிலேயே ஸ்லைஸ் (ஒரு தளத்தில் வெட்டும் ஃபில்டர்) அல்லது ‘இன்டக்ரேட் வேரியபிள்ஸ்’ (மதிப்புகளைத் தொகையிடும் ஃபில்டர்) போட்டுச் சுருக்கிவிட்டு அந்த முடிவை மட்டும் ஃபெட்ச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஃபெட்ச்சின் சரியான பயன்பாடு இது ஒன்றுதான்.

சொந்தக் கணக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? நீங்களே பைத்தான் எழுதக்கூடிய புரோகிராமபிள் ஃபில்டருக்குள் எழுதுங்கள், அது டேட்டா இருக்கும் இடத்திலேயே ஓடும். இங்கே பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரேங்க்கும் தன் துண்டை மட்டுமே பார்க்கும். நம்பையின் ‘மேக்ஸ்’ அந்தத் துண்டின் உச்சத்தைத்தான் சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் தப்பாக இருக்கும். பாராவியூவின் அடித்தளமான விடிகே நூலகத்தின் ‘நம்பை_இன்டர்ஃபேஸ்’ தொகுப்பில் ‘அல்காரிதம்ஸ்’ என்ற மாட்யூல் இருக்கிறது. அதிலுள்ள ‘மேக்ஸ்’ எல்லா ரேங்க்குகளையும் கலந்து விடை தரும்.

அந்த விடை உங்கள் ஸ்கிரிப்டுக்கு வந்துசேர, அதை வெளியீட்டின் ஃபீல்டு டேட்டாவில் (தனிப் புள்ளிகளோடு சேராத பொதுவான மதிப்புகளுக்கான இடம்) அரேயாகச் சேர்த்துவிடுங்கள். ஃபில்டருக்குள் ‘பிரின்ட்’ போட்டு உங்கள் திரையில் தேடிப் பயனில்லை, அது பிவிசர்வர் ஓடும் டெர்மினலில் போய் விழும்.